பன்னிரண்டோடு நின்ற கைகள்

ஜோவிதாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அப்புறம் வாய் திறக்கும். வாய் திறந்துவிட்டால் ஊர் தாங்காது என்பான் அவள் கணவன் ஜாக்சன். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள், வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற தொழில்.

மேஜையில் வைத்து ஆடும் விளையாட்டுகளை அவள் கண்டுபிடிக்கிறாள். அட்டை, சீட்டு, காய், மணல் கடிகாரம், சுற்றி உட்கார நாலு பேர். கண்டுபிடிப்பது பாதி வேலைகூட இல்லை. யாரையாவது பிடித்து உட்காரவைத்து ஆடச் சொல்லிப் பின்னால் நின்று பார்ப்பதுதான் பெரிய வேலை. ஆடுகிறவர்கள் விதியைத் தப்பாகப் படிப்பார்கள், காயை எதிர்ப்பக்கம் நகர்த்துவார்கள், பரபரப்பாக இருக்கவேண்டிய இடத்தில் கொட்டாவி விடுவார்கள். செய்தவள் வாயைத் திறக்கக் கூடாது. "ஐயோ அப்படி இல்லீங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தச் சோதனை செத்தது. நாளைக்கு விற்கிற ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அவளே போய் உட்கார்ந்து விளக்கம் சொல்ல முடியுமா? அதனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காது சிவக்க, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

சேரப்பணஞ்சேரியில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே அவளுடைய அறை. கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேஜை அதிரும், காய்கள் தாமாகவே இடம் மாறும். கீழ்க்கடையில் இரும்பு வாஷர் வாங்கி ஒவ்வொரு காயின் அடியிலும் ஒட்டிவைத்திருந்தாள். காலையில் ஜாக்சன் கம்பெனி பஸ் ஓட்டக் கிளம்பியதும் மேலே ஏறிவிடுவாள். சார்ட் அட்டையை வெட்டுவாள், விதி எழுதுவாள், எழுதியதை அடிப்பாள், நாலு நாற்காலியிலும் மாறிமாறி உட்கார்ந்து நாலு பேராகத் தானே ஆடுவாள். ஒரு சீட்டு முதலில் ஆடுகிறவருக்குக் கொஞ்சம் சாதகமாக விழுகிறது என்பதற்காக, மாதக்கணக்கில் செய்த விளையாட்டைக் குப்பையில் போட்டவள். ஆட்டத்தில் அழுகுணி வேலை அவளுக்கு ஆகவே ஆகாது.

இந்தத் தொழிலுக்கு வருமுன் ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டு செய்கிற கம்பெனியில் லைனில் நின்றவள் அவள். அதே கம்பெனியிலிருந்துதான் இப்போது வேலை வந்தது. ஒரு கல்லூரிக் கண்காட்சியில் அவளுடைய கடையைப் பார்த்த எச்.ஆர். மேனேஜர் சங்கரநாராயணன் அரைமணி நேரம் நின்று ஆடினார். புதிதாகச் சேரும் பெண்களுக்கு லைன் வேலையைச் சொல்லிக்கொடுக்க ஒரு கேம் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

"ஜாலியா இருக்கணும் மேடம். டீம் ஸ்பிரிட் வரணும். நல்லா வந்துச்சுன்னா எங்க எல்லா பிளான்ட்டுக்கும் இதையே எடுத்துக்கலாம்."

அன்று ஜோவிதாவுக்குக் கால் தரையில் இல்லை. சிவகாசியில் அச்சடித்த பெட்டியில் அவளுடைய விளையாட்டு ஒன்று வரப்போகிறது!

நாலு பேர் சேர்ந்து ஒரு லைன். ஒவ்வொருத்தர் கையிலும் குலுக்கிப் போட்ட பல நிற வயர்ச் சீட்டுகள், இல்லாததைப் பக்கத்தில் கேட்டு வாங்கலாம். சிவப்பு, கறுப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒருவர் பின் ஒருவர் வைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டு முடியும். மணல் இறங்கி முடிவதற்குள் பன்னிரண்டு கட்டு ஆகவேண்டும். நடுநடுவே மெஷின் நிற்கும், கரன்ட் போகும், அதற்கெல்லாம் தனிச் சீட்டுகள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டத்தில் உயிர் இல்லை, உப்பில்லாத உப்புமா.

ஜாக்சன் ஆடிப் பார்த்தான். "அச்சு அசலா கம்பெனி மாதிரியே கீதுடி. இத்த வூட்ல வேற குந்தினு செய்யணுமா?" என்றான்.

அவனோடு இரண்டு வேளை பேசவில்லை அவள். ஆனால் அவன் சொன்னது சரி என்று தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

அப்புறம்தான் அந்தக் கை ஞாபகம் வந்தது.

லைனில் ஒருத்திக்கு முடியாமல் போகும். வயிற்று வலி, தலைசுற்றல், அடக்கமுடியாத அவசரம். சூப்பர்வைசரிடம் மாற்று ஆள் கேட்டால் வந்துசேரும்போது ஷிப்டே முடிந்திருக்கும். அதனால் வாய்விட்டு யாரும் கேட்பதில்லை. வயர் கட்டுகிற போர்டின் ஓரத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்து வைப்பார்கள், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவர்கள் அவளுடைய வயரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். ஏன் என்று கேட்கமாட்டார்கள். நேற்றும் நீதானே கவிழ்த்தாய் என்று குத்திக்காட்டமாட்டார்கள். யார் ஆரம்பித்த பழக்கமோ, லைனுக்கு வரும் ஒவ்வொருத்தியும் வந்த வாரமே கற்றுக்கொள்வாள். தனக்குக் கரு கலைந்த சமயத்தில் ஜோவிதாவும் லீவு இல்லாமல், கவிழ்த்த கையோடு அப்படித்தான் ஷிப்டை ஓட்டினாள். அன்று அவள் வயரை இழுத்தவள் வலப்பக்கம் நின்ற காஞ்சனா.

அந்தப் பழக்கத்தை அவள் விதியாக எழுதினாள். யார் வேண்டுமானாலும் கையைக் கவிழ்க்கலாம், மற்றவர்கள் அவளுடைய சீட்டை எடுத்து ஆடலாம். அந்த ஒரு விதியில் ஆட்டம் எழுந்து உட்கார்ந்தது. ஜாக்சன்கூட இன்னொரு ஆட்டம் என்றான். தனக்குத் தெரிந்ததிலேயே அழகானதை எடுத்து வைத்தோம் என்ற பூரிப்பு அவளுக்கு. அந்த அழகை யார் கண்முன்னால் கொண்டுபோய் வைக்கப்போகிறோம் என்று அவள் யோசிக்கவே இல்லை.

கம்பெனியின் டிரெயினிங் ஹாலில் முதல் சோதனை. லைனிலிருந்து நாலு பெண்களை அனுப்பியிருந்தார்கள். காஞ்சனா வந்திருந்ததைப் பார்த்ததும் ஜோவிதாவுக்குச் சிரிப்பு முட்டியது. கூடவே லீலா, பாஞ்சாலி. நாலாவது, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத தேவிப்பிரியா, சின்னப் பெண். சங்கரநாராயணன் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

விதியை லீலா உரக்கப் படித்தாள். மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே தேவிப்பிரியாவின் கை மேஜையில் கவிழ்ந்தது. காஞ்சனா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, இடக்கை அந்தப் பெண்ணின் சீட்டை இழுத்தது, வலக்கை தன்னுடையதை வைத்தது. சீட்டுகள் சரசரவென்று ஓடின. பன்னிரண்டாவது கட்டு முடிந்தபோது மணல் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்கள். பதின்மூன்றாவதைத் தொடவேண்டும் என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. "ஐ, சூப்பராக் கீதே" என்றாள் பாஞ்சாலி. ஒரு வார்த்தை விளக்காமல் ஒரு விளையாட்டு ஓடியதைப் பார்த்து ஜோவிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பெண்கள் போன பிறகு சங்கரநாராயணன் அருகில் வந்தார்.

"பிரமாதம் மேடம். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அந்தச் சின்னப் பொண்ணு பாதி நேரம் சும்மாதான் இருந்தாங்க. மூணு பேரே பன்னிரண்டு முடிச்சுட்டாங்க. டைம் வேற மிச்சம்."

"கேம்தானே சார்."

"கேம்தான். அந்தக் கை கவிழ்க்கிற ரூல் எனக்குப் புதுசு. அவங்களுக்குப் புதுசு மாதிரி தெரியலையே. ஒரு தடவை படிச்சதுமே பழகின மாதிரி செஞ்சாங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "லைன்லயும் இப்படித்தான் நடக்குதா?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கோபம் வந்தால் ஊரையே கூட்டுகிறவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. வாயைப் பொத்தி நின்று பழகிய பழக்கம், நேரம் பார்த்துக் காலை வாரியது. அவளுடைய மௌனத்தை அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"மூணு பேர் பன்னிரண்டுன்னா, நாலு பேரும் ஒழுங்கா செஞ்சா பதினாறு. லைன் டார்கெட்டையும் அதே அளவுக்கு ஏத்தலாம்னு நான் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கேன், யாரும் நம்பல. வியாழக்கிழமை பிளான்ட் ஹெட் வர்றார். இதே டீமை அவர் முன்னாடி ஆட விடுவோம். உங்க கேமே நிரூபிச்சுக் காட்டிடும்."

வாராந்திர லீவு நாளில் வாலாஜாபாத்தில் காஞ்சனாவின் வீட்டுக்குப் போனாள் ஜோவிதா. காஞ்சனா வாசல் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜோவிதா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். குடம் வழிந்து தெருவில் ஓடியது. காஞ்சனா குழாயை மூடவில்லை.

"கண்டுபுட்ச்சிட்டானா?"

"கேட்டார்க்கா. நா ஒண்ணும் சொல்லல."

"சொல்லலன்னா? இல்லன்னு சொல்லலியா?"

ஜோவிதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எத்தினி வருசமா சூப்பர்வைசருங்க கண்ணுல மண்ணத் தூவினு ஓட்டினு கீறோம். நீ அத எழுதி, படம் போட்டு, அவன் மேஜைலயே கொண்டுபோயி வெச்சிகீற!"

"நீயுந்தானக்கா ஆடுன."

"ஆடுனேன்! ரூல்லயே போட்டுக்கீது, நீ செஞ்ச கேமு, நம்ம பொண்ணு யோசிக்காமயா செய்வான்னு நம்பி ஆடுனேன்." காஞ்சனா குழாயை ஓங்கித் திருகினாள். "தேவிப்ரியாவுக்கு இன்னான்னு உனுக்குத் தெரியுமா? அஞ்சு மாசம். கான்ட்ராக்ட்டு. தெரிஞ்சா நாளைலேர்ந்து வராதன்னுடுவானுங்க. புருசனுக்கு வேல இல்ல. லூசு சட்ட போட்டு மறச்சினு வருது அந்தப் பொண்ணு. அவ பங்கயும் நாங்க மூணு பேரு இழுத்துனு கீறோம். டார்கெட்ட ஏத்திட்டா எங்க கையி எங்களுக்கே பத்தாது. அவள எப்பிடிடி தாங்குறது?"

"நா கேமயே வேணான்னு திருப்பி வாங்கிடறேன்க்கா. இல்லன்னா அந்த ரூல தூக்கிடறேன்."

"தூக்குனா? ஆமா சார், நீங்க சொன்னது கரீட்டுதான்னு நீயே சொல்ற மாதிரி." காஞ்சனா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "வியாழக்கெழம வா. வந்து வாய மூடினு நில்லு. அது ஒண்ணுதான் உனுக்கு ஒழுங்காத் தெரியும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஜோவிதாவுக்குக் காது எரிந்தது. காஞ்சனா மேல் கோபம், அந்த மனிதர் மேல் கோபம், எல்லாவற்றையும்விடத் தன் மேல். வாயும் வயிறுமாக நிற்கிற ஒரு பெண்ணின் வயிற்றில் அடித்துவிட்டு, ஆட்டம் பிரமாதம் என்று கண் கலங்கி நின்றிருக்கிறாளே!

"நீ இன்னா தப்பு பண்ண? நல்லதத்தான வெச்ச" என்றான் ஜாக்சன் வீட்டில்.

"நல்லதத்தான்யா ஒளிச்சு வெக்கணும்! கெட்டத எவன் திருடப் போறான்?" என்று அவன்மேல் எரிந்து விழுந்தாள். பாவம், அவன் சோற்றுத் தட்டோடு மாடிக்குப் போய்விட்டான்.

வியாழக்கிழமை டிரெயினிங் ஹாலில் ஏசி உறையவைத்தது. பிளான்ட் ஹெட் காப்பியோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். சங்கரநாராயணன் திரையில் ஒரு வரைபடம்கூடத் தயாராக வைத்திருந்தார். பன்னிரண்டு நீலத்தில், பதினாறு பச்சையில். ஜோவிதா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். தேவிப்பிரியாவின் சட்டையைப் பார்க்கக் கூடாது என்று எவ்வளவு முயன்றும் கண் அங்கேயே போனது.

மணல் இறங்க ஆரம்பித்தது. முதல் கட்டிலேயே லீலா பச்சைக்கு முன்னால் மஞ்சளை வைத்தாள். எடுத்தாள், திரும்ப வைத்தாள். பாஞ்சாலி சீட்டைக் கைநீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். காஞ்சனா சிவப்புக்காகக் காத்திருந்தபோது தேவிப்பிரியா கறுப்பைக் கொடுத்தாள், அதை அவள் அப்படியே வைத்தாள். "இன்னாடி குடுக்கற நீ?" "நீதான்க்கா கேட்ட!" "நா எப்ப கேட்டன்?" என்று சண்டை வேறு. மணல் தீர்ந்தபோது ஆறு கட்டு. அதிலும் இரண்டு தப்பு.

ஜோவிதாவின் புத்தி முதலில் தொழிலுக்குத்தான் போனது. சீட்டின் நிறம் இந்த விளக்கில் சரியாகத் தெரியவில்லையோ? விதியில் ஏதாவது குழப்பமோ? அப்புறம் காஞ்சனாவின் கையைப் பார்த்தாள். கண்ணைக் கட்டிவிட்டாலும் சிவப்பைக் கறுப்போடு குழப்பாத கை அது. அந்தக் கை சரியான சீட்டை நோக்கிப் போய், நடுவில் நின்று, தப்பானதை எடுத்தது. ஜோவிதாவுக்கு விளங்கிவிட்டது.

"அந்தக் கை கவிழ்க்கிறதைச் செய்யுங்கம்மா. அன்னைக்குச் செஞ்சீங்களே" என்றார் சங்கரநாராயணன். குரலில் வியர்வை தெரிந்தது.

காஞ்சனா வெள்ளந்தியாக முகத்தை வைத்துக்கொண்டாள். "அதுவா சார்? அன்னிக்கு மேடந்தான் ஆட்டத்துக்கு மின்னாடியே இப்பிடி இப்பிடி செய்யணும்னு சொல்லிக் குடுத்தாங்க. செஞ்சோம். இன்னிக்கு ஒண்ணும் சொல்லல, எங்களுக்கு இன்னா தெரியும்?"

எல்லாத் தலைகளும் ஜோவிதா பக்கம் திரும்பின.

"நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?" சங்கரநாராயணன் கேட்டார். "மேடம், உங்களைத்தான் கேட்கிறேன்."

இல்லை என்றால் போதும். விதியைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை, ஆட்டம் தானாகவே ஓடியது, இன்றைக்கு இவர்கள் வேண்டுமென்றே சொதப்புகிறார்கள் என்றால் போதும். விளையாட்டு பிழைக்கும், பெட்டி வரும், அவள் பெயர் நிற்கும். தேவிப்பிரியா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காஞ்சனா மட்டும் ஜோவிதாவை நேராகப் பார்த்தாள், கெஞ்சுகிற பார்வை இல்லை அது.

"ஆமா சார்" என்றாள் ஜோவிதா. "நான்தான் சொல்லிக் குடுத்தேன். சீட்டையும் அன்னைக்கு வரிசையா அடுக்கி வச்சிருந்தேன். நல்லா வரணும்னு ஆசைல செஞ்சுட்டேன். குலுக்கிப் போட்டா இன்னைக்கு வந்த மாதிரிதான் வரும்."

பிளான்ட் ஹெட் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சங்கர், அடுக்கி வச்ச சீட்டை நம்பியா டார்கெட் ஏத்தச் சொல்லி எனக்கு மெயில் போட்டீங்க? இவங்க ஆறே கட்டுறாங்க. இருக்கிற டார்கெட்டை எப்படி முடிக்கிறாங்கன்னே எனக்கு ஆச்சரியமா இருக்கு." எழுந்து போய்விட்டார். திரையில் பதினாறு மட்டும் பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

அப்புறம் சங்கரநாராயணன் பேசியதை எல்லாம் ஜோவிதா நின்று கேட்டாள். ஏமாற்றுக்காரி என்றார். இவளை மாதிரி ஆட்களை உள்ளே விட்டதே தப்பு என்றார். இந்த ரோட்டில் உள்ள அத்தனை எச்.ஆரும் ஒரே வாட்ஸப் குழுவில்தான் இருக்கிறோம், இனி ஒரு கம்பெனிக் கேட்டுக்குள் நீ எப்படி நுழைகிறாய் பார்க்கிறேன் என்றார். 'நீங்கள்' போய் 'நீ' வந்திருந்தது. காது கொதித்தது. ஒரு சீட்டின் சின்னச் சாய்வுக்காக முழு விளையாட்டையே எறிந்தவளைப் பார்த்து ஏமாற்றுக்காரி என்கிறான்! நாக்கின் நுனி வரைக்கும் உண்மை வந்து நின்றது. அதைக் கடித்து விழுங்கினாள். சீட்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டாள்.

கேட்டில் செக்யூரிட்டி பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சீட்டாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விட்டான். வெளியே ஷிப்ட் மாறுகிற நேரம், பஸ்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து காஞ்சனா வேகமாக நடந்து வந்தாள்.

"கோச்சிக்கினியா?"

"கோச்சிக்காம பூ போட்டுக் கும்புடுவாங்களா? ஒரு வார்த்த மின்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ நடிக்கணும். உனுக்கு நடிக்க வராது. உம் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்." காஞ்சனா மூச்சு வாங்கினாள். "உன் பேரு நாறிப்போச்சுன்னு தெரியும்டி. வேற வழி தெரில எனுக்கு."

வாலாஜாபாத் பஸ் ஹாரன் அடித்தது. காஞ்சனா நகரவில்லை.

"ஒண்ணு சொல்லட்டா? கேமு நல்லாக் கீதுடி. மெய்யாலுமே. தோக்கறதுக்குள்ள எங்களுக்கு உசுரு போயிடுச்சு. கையி அதுபாட்டுக்குக் கரீட்டு சீட்டுக்கே போவுது, அத இழுத்து இழுத்து வெச்சோம். லீலா ஒரு கைய தொடைக்கு அடில போட்டு அமுக்கினு குந்தினு இருந்தா. இன்னும் கொஞ்சம் மணல் இருந்தா மறந்துபோயி ஜெயிச்சிருப்போம்."

தோற்பது கஷ்டமாக இருந்ததாம். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஆடியவர்களிடம் எல்லாம் எப்படி இருந்தது, எப்படி இருந்தது என்று கேட்டுக் கேட்டு அலைந்தவளுக்கு, இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. இனி அந்த விளையாட்டை யாரும் ஆடப்போவதும் இல்லை. ஒரு நல்ல காரியம் உயிரோடு இருக்கவேண்டும் என்றால் அதை மோசம் என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டியிருக்கிறது, என்ன ஊர் இது! அவளுக்கு அழுகை வரும் என்று காஞ்சனா நினைத்திருக்கவேண்டும், தோளைத் தொட்டாள்.

அழுகை வரவில்லை. ஜோவிதா பெட்டியை நடைபாதையில் வைத்தாள், கேட்டைப் பார்த்துத் திரும்பினாள், வாயைத் திறந்தாள். அன்று முழுக்க, அதற்கு முன்னால் எத்தனையோ நாள், பல்லுக்குப் பின்னால் அடைத்துவைத்திருந்த கெட்ட வார்த்தை அத்தனையும் வரிசையாக வெளியே வந்தது. சங்கரநாராயணனுக்கு, அவருடைய பச்சைப் பதினாறுக்கு, கேட்டுக்கு, கேட்டுக்குள் இருந்த எல்லாவற்றுக்கும். பஸ் ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. செக்யூரிட்டி விசிலை வாயில் வைத்தபடி ஊத மறந்து நின்றான்.

காஞ்சனா தடுக்கவில்லை. ஜோவிதாவுக்கு விட்டுப்போன இரண்டு வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள்.